மாதா முன்கூட்டி இறங்கிய வருஷம்

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் மதகுகளுக்கு மசகு போட்டேன். மூன்றாவது மதகின் சக்கரம் இன்னும் முனகுகிறது. நிபால்தோ திராட்சைக் கவாத்தை முடித்து, வெட்டிய கொடிகளைத் துணி காயும் கொடிக்குப் பக்கத்திலேயே போட்டு எரித்தான். புருஷன் என்று ஒருவன். துவைத்ததை எல்லாம் மறுபடி துவைத்தேன். சண்டை. பிறகு சமாதானம்.

நாளை மலைக்கு. பனி அளக்கும் குழாய், தராசு, நான்கு நாளைக்கு ரொட்டி, பாலாடைக் கட்டி, கோவேறு கழுதை. கழுதைக்கு வம்புக்காரி என்று பெயர், அது சும்மா வந்த பெயர் இல்லை.

ரொட்டி வாங்கப் போன இடத்தில், "இந்த வருஷம் எத்தனை மூட்டை வெள்ளைப் பொய் கொண்டு வரப் போறே யஸ்னா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. போன வருஷம் மலை முழுக்கப் பனி. பத்துக்கு ஏழு பங்கு தண்ணீர் வரும் என்று சொன்னவள் நான்தான். அப்புறம் மூன்று வாரம் காய்ந்த காற்று அடித்து, பனி உருகாமலே காற்றோடு போய்விட்டது. வந்தது நாலு பங்கு. என்னை நம்பித் தக்காளி நட்டவர்கள் வாடிய செடியைப் பிடுங்கிப் பன்றிக்குப் போட்டார்கள். கால்வாய் மதகுகளைத் திறந்து மூடித் தண்ணீர் பங்கிடுபவள் சொன்ன சொல் அது. எப்படி மறப்பார்கள்?

ஆகஸ்ட் 23, சனி. மலைக் குடிசை

கீழ் அளவிடத்தில் பனியே இல்லை. வெறும் சேறு. ஜூலைப் புயல் அங்கே மழையாகக் கொட்டியிருக்கிறது. ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரிவது அந்தச் சரிவு மட்டும்தான். அதனால்தான் எல்லோரும் வறட்சி, வறட்சி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

மேல் பள்ளத்துக்கு ஏறினேன். குழாயை இறக்கினேன். இறங்கியது, இன்னும் இறங்கியது — முட்டி போட்டு, கையைத் தோள் வரை உள்ளே விட்டு அழுத்த வேண்டியிருந்தது. இரண்டு மீட்டர் பத்து! தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அத்தனையும் உருகினால் தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீர். பத்து இடத்தில் குத்தினேன், பத்திலும் அப்படித்தான். வம்புக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அது என் தொப்பியைத் தின்னப் பார்த்தது.

ஒன்றே ஒன்று உதைக்கிறது. இந்தக் குளிர் மாதத்தில் குழாயிலிருந்து தட்டும் பனி உலர்ந்து உதிர வேண்டும். இது அடி வரை ஈரம். கையில் பிழிந்தால் சொட்டுகிறது. கோடை நெருங்கும் நவம்பரில்தானே இப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 25, திங்கள்

இறங்கி வரும் வழியில்தான் உறைத்தது. பனி இப்போதே உருகத் தயாராக நிற்கிறது. அக்டோபர் கடைசியில் வர வேண்டிய தண்ணீர் செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிடும். வந்தால்? கால்வாய் முழுக்கக் குளிர்காலச் சேறும் கல்லும். தூர் வாராமல் தலைமதகைத் திறந்தால் கரை உடையும். திறக்காவிட்டால் அத்தனையும் ஆற்றோடு கடலுக்கு. ஜனவரிக் கோடையில் திராட்சைக்குத் தாகம் எடுக்கும்போது மலையில் சொட்டு இருக்காது. முதல் தண்ணீரை ஊர்க்குளத்தில் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு.

தூர் வாருவதோ மாதா திருவிழாவுக்கு மறுநாள். ஜெபமாலை மாதா ஊர்வலமாகத் தலைமதகு வரை போய்க் கால்வாயை ஆசீர்வதித்த பிறகுதான் மண்வெட்டி இறங்கும். அக்டோபர் முதல் ஞாயிறு. என் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

நிபால்தோவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "நீ சொல்றது சரியா இருந்தாலும் ஊரு கேக்காது, ஒல்லி. தப்பா இருந்தா நாம இங்க இருக்கவே முடியாது" என்றான். பயலுக்கு எப்போதும் இந்த நியாயம் பேசும் வியாதி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சங்கக் கூட்டம். மூக்குடைபட்டேன்.

தலைமை தோன் அமதோர், ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் பெரியவர். கால்வாய்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், மாதாவின் முன்னால் குழல் ஊதி ஆடும் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். இரண்டு பதவியையும் ஒரே தொப்பிக்குள் வைத்திருக்கிறார். நான் கணக்கெல்லாம் சொல்லி முடித்ததும், "மாதா இறங்காம மண்வெட்டி இறங்காது" என்றார்.

"தண்ணி திருவிழா வரைக்கும் காத்திருக்காது, தோன் அமதோர்."

"போன வருஷமும் உன் குழாய் ஏதோ சொல்லிச்சே, ம்மா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தர், ஆள் எங்கே இருக்கு என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. இளவட்டங்கள் எல்லாம் சுரங்கத்திலும் செரேனா நகரத்திலும். திருவிழாவுக்குத்தான் வருவார்கள். கிழவர்களும் பெண்களும் பதினோரு கிலோமீட்டர் வாருவதா?

செப்டம்பர் 3

இன்னும் கோபம் தீரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

குளிர்காலமே முடியவில்லை, இருபத்தொன்பது டிகிரி! ஆற்றின் அளவுகோலில் இரண்டு விரல் ஏற்றம். அமதோரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ரெண்டு விரலா? அது மாடு இறங்கியிருக்கும்" என்றார். ஐயோ, இந்த மனுஷனை என்னதான் பண்றது! கண்ணு முன்னாடி தண்ணி வருது, இவருக்கு மாடு தெரியுது!

செப்டம்பர் 12, வெள்ளி

நாத்தனார் ஓர்ஃபெலினா வீட்டில் எம்பனாடாவுக்குள் அடைக்கிற பூரணத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு அழுதேன். வெங்காயத்தால்தான் என்றேன். அவள் நம்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அடியே, பதினெட்டாம் தேதி என்ன நாளு?"

"சுதந்திர தினம். ஏன் மதினி?"

"ஊருப் பசங்க அத்தனையும் வீட்டுக்கு வருதா இல்லையா? குடிச்சிட்டுக் கவுந்து கெடக்கத்தானே வருதுங்க. ஆளுக்கொரு மண்வெட்டியக் குடு."

"மாதா இறங்கணுமே?"

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோயிலைப் பெருக்கிப் பூட்டுவது அவள்தான். "எறங்கட்டும். மாதா என்ன காலண்டர் பாத்தா தண்ணி குடுக்கறாங்க?"

பங்குச் சாமியாருக்கு அங்கேயே போன் போட்டாள். அவர் முதலில் இருமினார். பிறகு, "நான் அக்டோபர்லதான் வர முடியும். அதுக்கு முன்னாடி மாதா காத்து வாங்க வெளிய போனா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். நல்ல மனுஷன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஊர் நிரம்பி வழிகிறது. பட்டம், அடுப்புக் கரி, ஆட்டம். நிபால்தோ பட்டத்தை மின்கம்பியில் மாட்டிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நின்றான். வீடு வீடாகப் போய் ஓர்ஃபெலினாவும் நானும் காதில் ஓதினோம். சனிக்கிழமை காலை, மாதா. மண்வெட்டியோடு வா. பசங்கள் "திருவிழா ரெண்டு தடவையா? வர்றோம்" என்றார்கள்.

குழல் கூட்டத்து ஆட்கள் மட்டும் மழுப்பினார்கள். தலைவர் ஊதாமல் அவர்கள் ஊத முடியாதாம்.

செப்டம்பர் 20, சனி

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், மண்வெட்டி பிடித்துப் பிடித்து. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

காலை ஒன்பதுக்கு மாதாவைச் சப்பரத்தில் ஏற்றினோம். பெண்கள் தூக்கினோம். பின்னால் நூற்று நாற்பது பேர், மண்வெட்டிகளோடு. குழல் இல்லாத ஊர்வலம் என்னவோ மொட்டையாகத்தான் இருந்தது. தலைமதகுக்குப் போகும் வழியில் அமதோர் வீடு. அந்த வாசலில் அவர் குழல் ஊதி வரவேற்காமல் மாதா கடந்து போனதில்லை. போகவும் கூடாது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் பெரிதாக வைத்திருந்தார்.

ஓர்ஃபெலினா, "எறக்குங்கடி" என்றாள். நடுத் தெருவில், வெயிலில், அவர் வாசலுக்கு நேர் எதிரே சப்பரத்தை இறக்கினோம். மாதாவுக்குக் குடை பிடித்தாள். பிறகு கதவைப் பார்த்துக் கத்தினாள்:

"தோன் அமதோர்! மாதா வந்திருக்காங்க! அவசரமில்ல, நீங்க குளிச்சிட்டு, சாப்பிட்டுட்டு வாங்க! இவங்க வெயில்ல நிக்கட்டும்!"

பதினைந்து நிமிடம். ஜன்னல் திரை அசைந்தது. அரை மணி. ரேடியோ நின்றது. இந்த மனுஷனின் பிடிவாதத்துக்கு முன்னால் மாதாவே என்ன செய்வாள்?

கதவு திறந்தது. ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறும் கால், கையில் குழல். கண் சிவந்திருந்தது. "ஏமாத்துக்காரிங்களா" என்றார் எங்களைப் பார்த்து. பிறகு மாதாவுக்கு முன்னால் மண்டியிட்டு ஊதினார். அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்த குழல்காரர்கள் அத்தனை பேரும் கோட்டுக்குள்ளிருந்து குழலை உருவினார்கள். திருட்டுப் பயல்கள், எல்லாவனும் காலையிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்கள்! தெரு அதிர்ந்தது. நான் விக்கி விக்கி அழுதேன், சிரிப்பும் கூடவே வந்தது.

தலைமதகில் மண்வெட்டி எடுக்கும்போது அவர் என்னிடம் வந்தார். "தண்ணி வரலேன்னா?"

"மதகுச் சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போயிடறேன்."

சரி என்று தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முடிந்தது. பதினோரு கிலோமீட்டர். சுரங்கத்துக்குப் போக வேண்டிய பசங்கள் இரண்டு நாள் லீவு நீட்டிக்கொண்டு நின்றார்கள். கால்வாய்க்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நிபால்தோவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, நாளெல்லாம் முனகல். தலைமதகு திறந்தாயிற்று. இப்போதைக்கு வருவது ஒரு வாளித் தண்ணீர்.

செப்டம்பர் 25, வியாழன்

குளிர் திரும்பிவிட்டது. மேகம். ஆறு இரண்டு விரல் இறங்கிவிட்டது. சுத்தமான வெறும் கால்வாயில் நாய் ஓடி விளையாடுகிறது. மறுபடியுமா? மறுபடியும் நான்தானா?

சாவிக்கொத்தைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். நிபால்தோ அதை எடுத்து என் கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டான். நியாயம் எதுவும் பேசவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

வந்துவிட்டது!

நேற்று முழுக்க வெயில். இன்று மத்தியானம் தலைமதகில் நின்றிருந்தேன். முதலில் வாசனை, நனைந்த கல் வாசனை. பிறகு காப்பி நிறத்தில், குச்சியும் நுரையும் தள்ளிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு. தண்ணீர்! தண்ணீரோடு பக்கத்திலேயே ஓடினேன். அது என்னைவிட வேகமாகப் போயிற்று. மூன்றாவது மதகில் அமதோர் நின்றிருந்தார், காலில் ரப்பர் பூட்ஸ். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று கேட்கவில்லை. "சக்கரம் முனகுதேம்மா, மசகு போடக் கூடாதா?" என்றார். இருவருமாகச் சுற்றிக் குளத்துக்குத் திருப்பிவிட்டோம்.

கரை எங்கும் உடையவில்லை. எங்கும்!

அக்டோபர் 5, ஞாயிறு

சாமியார் திருவிழாப் பூசைக்கு வந்தார். மாதாவின் அங்கி ஓரத்தில் சேறு பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டாவது தடவையும் குழல் ஊதினார்கள். அலுக்கவே இல்லை.

அக்டோபர் 22

குளம் நிறைந்து வழிகிறது. தலைகால் புரியாமல் ஊரே கரையில்.

ஜனவரி 17, சனி

ஆறு மெலிந்துவிட்டது. இந்த மாதத்தில் கரை முட்ட ஓட வேண்டிய ஆற்றைக் கல் கல்லாகத் தாண்டிப் போகலாம். மலையில் வெள்ளையே இல்லை. பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் குளத்திலிருந்து முறை வைத்து விடுகிறேன். ஒரு கொடியும் வாடவில்லை. கீழ் ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், வாரம் ஒரு நாள் அவர்களுக்கும் விடுவதாகச் சங்கத்தில் முடிவாயிற்று. கை தூக்கியதில் முதல் ஆள் அமதோர்.

மார்ச் 14

அறுவடை. நிபால்தோ கூடை கூடையாகச் சுமந்துகொண்டு இடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

வம்புக்காரிக்கு லாடம் மாற்றினேன். மலைக்கு நாளை.

மத்தியானம் தோன் அமதோர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், கழுதையைப் பற்றி விசாரித்தார். விஷயத்துக்கு வராமல் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். திருவிழா நோட்டீஸ், அச்சுக்குக் கொடுக்கப் போகும் பிரதி. மாதா படம், குழல் கூட்டத்தின் பெயர், பூசை, ஊர்வலம், தூர் வாரல் எல்லாம் வரிசையாக இருந்தது. தேதி போட வேண்டிய இடத்தில் மட்டும் கோடு.

"சாமியார்கிட்ட பேசிட்டேன்" என்றார். "நீ மேல போயிட்டு வந்து சொல்லு. எழுதிக்கறேன்."