திருப்பிச் சொல்லாத இலக்கம்

இன்று காலை தம்பலகாமத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் “அறுநூற்று நாற்பது” என்று உரக்கச் சொல்லிவிட்டுக் காத்து நின்றேன். தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டரின் கோல் வாளிக்குள் கிடந்தது. பேனை கையில் இருந்தது. உன் குரல் வரவில்லை. எப்படி வரும்? உன்னைக் கிண்ணியா மையவாடியில் அடக்கி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது.

அது, தண்ணீர் சோதிக்கும் வேலையில் நாம் இருவரும் நமக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஒருத்தி மீட்டரை வாசிக்க, மற்றவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுதலாம். நீ லேசில் சொல்லமாட்டாய். “காத்து நிக்கிதா பாரு” என்று முதலில் என்னை வம்புக்கு இழுப்பாய். கோலின் தட்டுகளுக்கிடையில் சின்னக் காற்றுக் குமிழி ஒன்று நின்றால் போதும், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீராகக் காட்டிவிடும். நான் கோலைத் தட்டிவிட்டு மறுபடி வாசிப்பேன். நீ திருப்பிச் சொல்லி, “எழுது புள்ள” என்பாய். திரியாய் ஊர் வரைக்கும் இப்படித்தான் கிணறு கிணறாக அளந்தோம்.

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. ஊரார் தண்ணீரைச் சோதித்தவளுக்கா இந்த நோய் என்று, யார் மீது என்றில்லாமல் எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் ஆறவில்லை. நீயோ, ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் திரையில் கடத்துதிறன் இலக்கத்தைக் கண்டதும் சிரித்தாய்.

“இஞ்ச பாரு, நம்மட மீட்டர் இதுக்குள்ளயும் இரிக்கி!”

பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோனார். “உது என்ர ரத்தமோ பிள்ளை?”

“இல்லம்மா. ரத்தத்துக்குப் பக்கத்தால ஓடுற தண்ணி. அதில உப்புச் சரியா இரிக்கணும். ரெண்டு தட்டுக்கு நடுவால கரண்டை விட்டுப் பாக்கிறது. உப்புக் கூடினா கரண்ட் லேசாப் போகும்.”

“கரண்டோ!”

“பயப்படாதீங்க, அது உங்கட உடம்புக்கு வாறதில்ல. கொஞ்சூண்டுதான். அதையும் ஒரே பக்கமா விட்டா உப்பெல்லாம் தட்டில போய்க் குவிஞ்சு கணக்குப் பிழைச்சிரும். அதனால இங்கால அங்கால மாத்தி மாத்தி விடுறது.”

குழாய் குத்திய கையை அசைக்க ஏலாமல், மற்றக் கையால்தான் அதை நடித்துக் காட்டினாய்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நான் திரையில் அந்த இலக்கத்தை வாசித்தேன். “பதினாலு.” “பதினாலு. எழுது புள்ள” என்பாய். எழுத ஒன்றும் இல்லாததால் உன் உள்ளங்கையில் விரலால் எழுதுவேன். கூச்சத்தில் கையை இழுத்துக்கொள்வாய். உனக்குப் பொருந்தும் சிறுநீரகம் தேடி வீட்டார் அலைந்துகொண்டிருந்தார்கள். நாம் அதைப் பற்றிக் கதைக்கப் பயந்து, பதினாலு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசித் தடவையும் சொன்னேன். நீ கண்ணை மூடியிருந்தாய். நித்திரை என்று நினைத்து, எழுதாமலே உன் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உன் தம்பி அழைத்துச் சொன்னான்.

இன்று நான் அசையாமல் நிற்பதைப் பார்த்த வீட்டுக்கார அக்கா, “அறுநூற்று நாற்பது எண்டா உப்புக் கூடவோ மிஸ்?” என்று கேட்டார். இலக்கம் திரும்பி வந்துவிட்டது. “இல்லையக்கா, நல்ல தண்ணி” என்றேன். சட்டப்படி எழுதினேன். வாகனத்தில் ஏறியதும் அழுதேன். சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அந்தப் பதினாலு மட்டும் இன்னும் என் விரல் நுனியிலேயே நிற்கிறது. நீ சொல்லாமல் நான் எப்படி எழுத?