பீர் ஃப்ரிட்ஜில் பியோனி

ஏப்ரல் 11

தெற்குச் சுவரோரம் ஒரு முழம் அகலத்துக்குப் பனி உருகியிருக்கிறது. அந்தச் சேற்றில் ஸில்லா பூத்துவிட்டது. நீலம் என்றால் அப்படியொரு நீலம். சுற்றிலும் பக்கத்து வீட்டு நாயின் கைங்கரியம், மக்கிப்போன இலை, டுவேன் தொலைத்த ஒற்றைக் கையுறை. அதற்கு நடுவில் இது மட்டும் விருந்துக்கு வந்தவள் மாதிரி நிற்கிறது. மினசோட்டாவில் வசந்தத்துக்கு வெட்கமே கிடையாது.

டுவேனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "அட, என் கையுறை!" என்றான். நாற்பது வருஷமாக இந்த ஆளோடு குப்பை கொட்டுகிறேன்.

ஏப்ரல் 20

பிரிட்டா மினியாபொலிஸிலிருந்து கூப்பிட்டாள். ஜூன் 28, கல்யாணம். நம் வீட்டுப் பின்புறத்திலேயே. மாப்பிள்ளை டெஸ்மண்ட் அரிசோனாக்காரன். வாசலில் சரளைக்கல்லைக் கொட்டி, ஒரு கள்ளியை நட்டு, அதைத் தோட்டம் என்று சொல்கிற ஊர். பையன் நல்லவன், ஊருக்கு அவன் என்ன செய்வான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். கடைப் பூ வேண்டாம். நம்ம வெள்ளை பியோனி இருக்குல்ல, நடுவுல ரத்தம் தெளிச்ச மாதிரி சிவப்பு இருக்குமே, அதைத்தான் கையில வெச்சுக்கிட்டு நடந்து வரணும்."

களை பிடுங்கச் சொன்னதற்குக் கதவை அறைந்து சாத்திய பெண் இவள். "நீ பெத்த பிள்ளை அந்தச் செடிதான், நான் இல்ல" என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். இப்போது அவள் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் செடி. அதற்கும் தூசி தட்டுவதில்லை. அவள் முதல்முறையாக இந்த மண்ணிலிருந்து ஒன்று கேட்கிறாள்.

"அதுக்கென்ன கண்ணு, கூடை கூடையா தரேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பியோனி ஜூன் பாதியிலேயே கொட்டிப்போகும். 28ஆம் தேதிக்கு எங்கே போவேன்? இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

மே 3

துலிப் மலர்ந்தது. மான் வந்தது. துலிப் கதை முடிந்தது.

மே 12

மேவிஸ் வேலியருகே வந்து நின்றாள். பின் தெருக்காரி, என் வயசு. ஜூன் வந்தால் தினமும் எங்கள் வேலியோரம் நின்று பியோனிக்குள் மூக்கை நுழைப்பாள். மூக்கில் எறும்பு ஏறும், தும்முவாள், மறுநாளும் வருவாள். இன்று பூவும் இல்லை, அவள் முகத்தில் ரத்தமும் இல்லை.

"நாப்பதாவது கல்யாண நாள்டி நேத்து. உன் வீட்டுக்காரனும் என் வீட்டுக்காரனும் எங்க இருந்தாங்க?"

ஏரியில். மீன்பிடி சீசன் திறந்த நாள். இந்த ஊரில் ஆம்பளைகள் அந்த நாளில் அப்பன் செத்தாலும் ஏரியிலிருந்துதான் அழுவார்கள். ஆர்வில் இவளை மே மாதத்தில் கட்டிக்கொண்டதே தப்பு.

"மறந்ததுகூடப் பரவாயில்ல வெர்னா. நாப்பது வருஷத்துல ஒரு பூ? வாசல்ல காடா முளைச்சுக் கிடக்குற டாண்டிலியன்ல ஒண்ணைப் பிடுங்கிக் கொடுத்திருப்பானா?"

ஆர்வில் பேசவே காசு கேட்பவன். பூ எங்கே கொடுப்பான்? ஜூலையில் ஃபார்கோவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகப்போகிறாளாம். "எப்போ வருவே?" என்றேன். வேலிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

மே 23

லைலக் புதர் பூத்துவிட்டது. தெருவே மணக்கிறது. இரண்டு வாரம் மகாராணி, மிச்சமுள்ள வருஷமெல்லாம் சாம்பல் பூத்த இலையோடு ஒரு தண்டச்சோறு. இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 2

வெயில் கொளுத்துகிறது. மொட்டெல்லாம் கோலிக்குண்டு அளவிலிருந்து முட்டை அளவுக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் இந்த வாரமே வெடித்துவிடும். ஏண்டி, உங்களுக்கு என்ன அவசரம்? போன வருஷம் எத்தனை நாள் கெஞ்சவிட்டீர்கள்!

ஒரே வழிதான். மொட்டை விரலால் அழுத்தினால் மார்ஷ்மெல்லோ மிட்டாய் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் படுக்கவைத்தால் மூன்று நாலு வாரம் தூங்கும். வேண்டும்போது எடுத்துத் தண்ணீரில் வைத்தால் விழிக்கும்.

ஜூன் 4

வெட்டிவிட்டேன். ஒன்று பாக்கியில்லாமல். எறும்பை உதறி, இலையை உருவி, செய்தித்தாளில் சுற்றி, நீள நீளமாக மூன்று பொட்டலம். வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை. கராஜில் இருக்கிற பீர் ஃப்ரிட்ஜில் வைத்தேன். டுவேன் பதறிப்போனான்.

"பீர் இருக்குற இடத்துல பூவா? வெளியே தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"உன் பொண்ணு கல்யாணம்யா."

"மூணு வாரம் நான் சூடான பீர் குடிக்கணுமா?"

"குடிக்காம இரேன்."

அப்படியொரு யோசனையை அவன் வாழ்க்கையில் கேட்டதே இல்லை.

ஜூன் 9

டுவேனின் பீர் டப்பாவின் மேல் எறும்பு ஊர்ந்ததாம். டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 16

வேலியோரம் செடி மொட்டையாக நிற்கிறது. மேவிஸ் இந்த வருஷம் ஒரு நாள்கூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆர்வில் மட்டும் டுவேனோடு படகில் போகிறான். "என்ன பேசிக்கிறீங்க?" என்று கேட்டேன். "பேசினா மீன் ஓடிடும்" என்றான் டுவேன்.

ஜூன் 24

டுவேன் பெரிய பெரிய மீனாக, பைக் என்கிற நீள மூஞ்சி ஏரி மீனாக, மூன்று பிடித்துவந்தான். சுத்தம் செய்ய நேரமில்லையாம், முழுசாகச் செய்தித்தாளில் சுற்றி பீர் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தள்ளியிருக்கிறான். கீழ்த்தட்டுதான் நல்ல குளிர். என் பியோனியை மேலே தூக்கிப் போட்டுவிட்டான், மாபாவி! மீனை மேல்தட்டுக்கு ஏற்றி, பூவைக் கீழ்த்தட்டில் படுக்கவைத்தேன். அப்பாடா.

ஜூன் 26

எங்கே ஆரம்பிப்பது.

மத்தியானம் பிரிட்டா வந்து சேர்ந்தாள். "வாடி, பூவை எழுப்பலாம்" என்று பெருமையாகக் கராஜுக்குக் கூட்டிப்போனேன். கீழ்த்தட்டு காலி. மேல்தட்டில் செய்தித்தாள் பொட்டலம். டுவேன் மறுபடி மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

மீன். வாயைப் பிளந்துகொண்டு, பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு, என் மகளின் கல்யாணப் பூ இருக்க வேண்டிய இடத்திலிருந்து என்னை முறைக்கிறது. அந்த நாற்றம்! பிரிட்டா "அம்மா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டுவேனை இழுத்துவந்து கேட்டேன்.

"நேத்து ஆர்விலை வந்து மீனை எடுத்துக்கச் சொன்னேனே. கீழ்த்தட்டுல இருக்கு, கராஜ் திறந்துதான் இருக்கு, மூணு பொட்டலத்தையும் எடுத்துக்கோன்னேன்."

நான் தட்டை மாற்றியது அவனுக்குத் தெரியாது. அவன் ஆர்விலிடம் சொன்னது எனக்குத் தெரியாது. பூவுக்கும் மீனுக்கும் வித்தியாசம் ஆர்விலுக்குத் தெரியாது. நல்ல ஊர், நல்ல ஜனங்க!

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன் என்று பிரிட்டாவிடம் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் ஓடினேன். மேவிஸ் கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடுவை, காப்பி டப்பா, கிடைத்த எல்லாவற்றிலும் என் பியோனி. பாதி விரிந்து நிற்கின்றன. வீடே மணக்கிறது. மேவிஸ் தலை வாரி, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள்.

"பார்த்தியாடி? நேத்து மூணு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில வெச்சான். மீனாத்தான் இருக்கும்னு கத்தியை எடுத்துட்டு வந்து பிரிக்கிறேன்... வெர்னா, நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். இவன் ஒரு வார்த்தை பேசல. சும்மா நிக்கிறான், மரம் மாதிரி."

அவளுக்குப் பின்னால் அடுப்பருகே அந்த மரம் நின்றுகொண்டிருந்தது. காது வரைக்கும் சிவந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, கண்ணாலேயே என்னைக் கெஞ்சியது.

கேட்டிருக்கலாம். என் மகள் அங்கே காத்திருக்கிறாள். கேட்டுத்தான் இருக்க வேண்டும்.

"என்னடி விஷயம், மூச்சு வாங்க வந்திருக்கே?" என்றாள் மேவிஸ்.

"சர்க்கரை இருக்கா?" என்றேன்.

ஒரு கிண்ணம் சர்க்கரையோடு வீடு திரும்பினேன். வழியனுப்ப அவர்கள் வாசல் வரை வந்த ஆர்வில், "தூக்கும்போது லேசாத்தான் இருந்துச்சு. இந்த வருஷம் மீனு மெலிஞ்சிருக்குன்னு நினைச்சேன்" என்று முணுமுணுத்தான். அவனிடம் இவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதே இல்லை.

பிரிட்டா கிண்ணத்தைப் பார்த்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அப்போ நீ கேட்கவே இல்ல."

"எப்படிடி கேட்பேன்? அவ முகத்தை நீ பார்த்திருந்தா..."

"என் முகத்தைப் பார்த்தியாம்மா? நான் உங்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன்."

மாடிக்குப் போய்விட்டாள். கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

ஜூன் 27

காலையிலிருந்து தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். டெல்ஃபினியம் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. டெய்சி கொஞ்சம் தேறும். சாலையோரப் பள்ளத்தில் ஆரஞ்சு லில்லி இப்போதுதான் கண் திறக்கிறது, யாரும் நடாமலே வளர்கிற ரவுடிப் பூ. அடியில் நூல் நூலாக இருக்கிற சோயிக்கீரைத் தழையை வைத்துக் கட்டிப்பார்த்தேன். வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் போடுகிற கொத்து மாதிரி இருந்தது. டெஸ்மண்ட் வந்து பார்த்து, "ரொம்ப அழகா இருக்குங்க வெர்னா" என்றான். பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை பாவம்.

பிரிட்டா என்னோடு பேசுகிறாள். உப்பு எங்கே, துண்டு எங்கே என்கிற அளவுக்கு.

நான் செய்தது சரியா? ஊரான் வீட்டுச் சண்டையைத் தீர்க்க என் மகளின் ஆசையை எடுத்துக் கொடுக்க நான் யாரு?

ஜூன் 29

நேற்று எழுத நேரமில்லை. கண்ணும் வீங்கியிருந்தது.

கல்யாணத்தன்று காலையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல். மேவிஸ். இரண்டு கையிலும் வாளி. வாளி நிறைய பியோனி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து நிற்கிறது.

"பிடிடி, கை வலிக்குது."

"மேவிஸ், நீ..."

"இருபது வருஷமா இந்தப் பூவுக்குள்ள மூக்கை விட்டவ நான். எனக்குத் தெரியாதா? இந்தச் சிவப்பு வேற எந்த வீட்டுலயும் கிடையாது. முதல்ல, இவன் உங்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கான்னுதான் நினைச்சேன். அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. அப்புறம் நீ வந்து, மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட்டு, சர்க்கரை கேட்டே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு இது தப்பி வந்த பூன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாள் எனக்கு வந்த பூன்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். தப்புதான். ஒரு ஜாடியை மட்டும் வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன், உன் பொண்ணுகிட்ட சொல்லிடு."

பிரிட்டா என் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாளியிலிருந்து நல்லதாக ஒரு பூவை எடுத்து மேவிஸின் சட்டைப் பொத்தான் ஓட்டையில் செருகினாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்மா" என்றாள்.

கையில் பியோனியோடு நடந்து வந்தாள் என் பெண். ஒரு எறும்பும் கூடவே வந்தது. மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்தும் சாகாத எறும்பா, மேவிஸ் வீட்டு எறும்பா தெரியாது. மோதிரம் மாற்றும்போது டெஸ்மண்டின் மணிக்கட்டில் ஏறியது. நான் அழுது தீர்த்தேன். டுவேனும் அழுதான், வெயில் என்று சொன்னான்.

ஜூலை 8

மேவிஸ் ஃபார்கோ போய்விட்டாள். சொன்னபடியே. ஒரு பெட்டிதான் கொண்டுபோனாள் என்கிறான் டுவேன். பெரிய பெட்டி.

ஆகஸ்ட் 15

சுக்கினி, வெள்ளரிக்காயின் பெரியண்ணன், ஊரெல்லாம் காய்த்துத் தள்ளுகிறது. இந்த மாதம் காரைப் பூட்டாமல் விட்டால் யாராவது பின் சீட்டில் இரண்டு சுக்கினியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். நான் ஆர்விலின் காரில் நாலு போட்டேன். சாயங்காலம் பார்த்தால் எங்கள் வாசலில் ஆறு இருக்கிறது. ஆக, ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.

செப்டம்பர் 19

ஆர்வில் மண்வெட்டியோடு வேலியருகே நின்றான். வெகுநேரம் நின்றான். நானாகக் கூப்பிடவில்லை, நிற்கட்டும் என்று தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன்.

"வெர்னா, அந்தச் செடியில ஒரு துண்டு கிடைக்குமா?"

கிழங்கைத் தோண்டி, முளைக்கண் பார்த்து வெட்டி, நல்ல துண்டாகக் கொடுத்தேன். அவன் வீட்டில் போய்ப் பார்த்தால் ஆளையே புதைக்கிற அளவுக்குக் குழி வெட்டி வைத்திருக்கிறான்.

"யோவ், நடப்போறியா, அடக்கம் பண்ணப்போறியா? கண்ணுக்கு மேல ரெண்டு விரல் மண்ணுதான் இருக்கணும். ஆழமாப் போனா இலைதான் வரும், பூக்காது."

குழியை மூடி மறுபடி வெட்டினான். "எப்போ பூக்கும்?"

"மூணு வருஷம் ஆகும்."

கிழங்கைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினான். "சரி" என்றான்.

அக்டோபர் 4

முதல் உறைபனி. டாலியா ஒரே ராத்திரியில் கறுத்துத் தொங்கிவிட்டது. ஆஸ்டர் மட்டும் ஊதாவாக, எனக்கென்ன என்று நிற்கிறது.

ஆர்வில் போன் செய்தான். அவனாகவே. நான் பயந்தே போனேன், டுவேன் ஏரியில் விழுந்துவிட்டானோ என்று.

"அந்தக் கிழங்கைப் பிடுங்கி வேற இடத்துல வெச்சா செத்துடுமா?"

"சாகாது, கோவிச்சுக்கும். பூக்க இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அங்கேயே கிடக்கட்டுமே. இப்போ எதுக்குய்யா பிடுங்கணும்?"

"நான் வெச்ச இடம் சரியில்லையாம். பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல்லேருந்து தெரியுற மாதிரி வைக்கணுமாம்." பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அப்புறம் ஒரு குரல், மூன்று மாதமாக வேலியோரம் கேட்காத குரல், அவனைத் திட்டியது.

"பிடுங்கி வை" என்றேன்.