மிச்சம் பிடிச்ச பெற்றோல்

இண்டைக்குக் காலமை என்ரை பாஸ்போட்டைத் தேடி அலுமாரியைத் திறந்தன். பெற்றோல் மணம் மூஞ்சியிலை அடிச்சுது. உம்மடை சீலையளுக்குப் பின்னாலை பெற்றோல் விட்ட அந்தச் சேலைன் போத்தில் நான் வைச்ச மாதிரியே நிக்குது. செத்த மனிசியின்ரை சீலையை மூக்கிலை வைச்சால் அவவின்ரை மணம் வரும் எண்டு ஆக்கள் சொல்லுவினம். உம்மடை கூறைச்சீலைகூட மோட்டச்சைக்கிள் கராச் மாதிரித்தான் மணக்குது. அதுவும் நான் பாத்த வேலைதான்.

நீர் போய் எட்டு மாசம். போத்திலை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன். ஒரு சொட்டும் பாவிக்கேல்லை, ஆனால் ரெண்டு விரலளவு குறைஞ்சு நிக்குது. றப்பர் மூடி போட்டாலும் பெற்றோல் பறக்கும். தொழில்நுட்பக் கல்லூரியிலை எஞ்சினைப் பற்றி மூண்டு வருசம் படிச்சவனுக்கு உது தெரியாததில்லை. தெரிஞ்சுகொண்டுதான் பூட்டி வைச்சனான்.

பாஸ்போட் தேடினது உம்மடை அண்ணையின்ரை கடிதத்தாலை. கனடாவிலையிருந்து கொழும்புக்கு வந்து, அங்கையிருந்து ஆரோ கையிலை கொண்டுவந்து, கடைசியிலை உம்மடை அக்காவின்ரை மனிசன் நேற்று என்னட்டைத் தந்தார். என்னை அங்கை வரச்சொல்லி நாலு பக்கக் கடிதம். உம்மைப் பற்றி மூண்டு வரி. மிச்சம் முழுக்கப் பயணத்திலை காசு மிச்சம் பிடிக்கிற வித்தை.

கேளும். நேரை போற பிளேனிலை ஏறக் கூடாதாம். மூண்டு இடத்திலை இறங்கி இறங்கி ஏறினால் மலிவாம். நடுவிலை ஒரு ஊரிலை பதினாறு மணித்தியாலம் வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கவேணுமாம், "அதுக்கு ஒருதரும் காசு கேளாங்கள்" எண்டு கீழை கோடு கீறி எழுதியிருக்கிறார். நத்தார் நெருக்கத்திலை வெளிக்கிடக் கூடாது. எயாப்போட்டிலை தண்ணிகூட வாங்கக் கூடாது. பிளேனிலை தாற பணிஸைத் தின்னாமல் பொக்கற்றுக்கை வைக்கவேணும். பெட்டி நிறை கூடினால் காசு, அதாலை மூண்டு சேட்டும் ரெண்டு காற்சட்டையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு போட்டுக்கொண்டு ஏறவேணும். மிச்ச இடத்துக்கு வறுத்த மிளகாய்த்தூள், அங்கை அது விலையாம். மனிசன் கனடாவுக்குப் போய் ஏழு வருசம். படிச்சது இவ்வளவுந்தான்.

சகலனுக்கும் சொல்ல ஒண்டு இருந்தது. கதிரையிலை சரிஞ்சிருந்து தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொன்னார்: "கொடிகாமத்துக்கு வான் பிடிச்சுக் காசைக் கரியாக்காதை தம்பி. வெங்காயம் ஏத்திப்போற உழவுமெசின் பெட்டியிலை ஏறினாயெண்டால் ஒரு சுருட்டோடை அலுவல் முடிஞ்சுது. அங்காலை கடலேரி கடக்கிற வள்ளத்துக்கு மட்டுந்தான் காசு."

பேந்து கோப்பையைக் கீழை வைச்சார். வைச்சிட்டுச் சொன்னார்: "சொல்லுறன் எண்டு குறை நினையாதை. இப்ப ஒரு ரிக்கற்தானே. ஒரு விதத்திலை பாத்தால் செலவு பாதி."

நான் கோவிக்கேல்லை. கோவம் வாறதுக்கும் உள்ளுக்கை ஏதாவது பத்தவேணும். "ஓம் அண்ணை" எண்டு சொல்லி இன்னொரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். சீனியும் போட்டுத்தான்.

அவரை நக்கலடிக்க எனக்கென்ன தகுதி? உரும்பிராயிலை பெரிய மிச்சக்காரன் நான்தானே.

சண்டையாலை பெற்றோல் இஞ்சாலை வராமல் நிண்ட புதிசிலை, மண்ணெண்ணையிலை மோட்டச்சைக்கிள் ஓட்ட எல்லாரும் பழகினவைதான். ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் காபரேற்றருக்கை விடவேணும், சூடு ஏறினாப்பிறகு மண்ணெண்ணையிலை ஓடும். மற்றவங்கள் ஒரு மூடி, ரெண்டு மூடி எண்டு விட, நான் கண்மருந்து விடுற குழாயாலை பதினொரு சொட்டிலை ஸ்ராட் எடுப்பன். அதைப் பாக்கக் கோப்பாயிலையிருந்தும் ஆக்கள் வந்து நிண்டவை. நான் பெரிய சத்திரசிகிச்சை செய்யிறவன் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொட்டு எண்ணுவன். நீர் குசினி வாசலிலை நிண்டு, "சொட்டு இஞ்சினியர், பிள்ளை உயிரோடையோ?" எண்டு கேப்பீர். எல்லாரும் சிரிப்பினம். எனக்கு அது புகழ் மாதிரித்தான் கேட்டது.

அந்தப் புகையை நீர் எவ்வளவு வெறுத்தனீர். அச்சுவேலிக்கு அம்மாவைப் பாக்கப் போற நாளெல்லாம், பின்னாலை ஒருபக்கமா இருந்து சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு வருவீர். உம்மடை அம்மா படலையைத் திறக்க முந்தியே, "மாப்பிள்ளை இப்ப புத்தூரிலை வாறார் போலை, மணம் வந்திட்டுது" எண்டு சொல்லுவா. திரும்பி வந்து அந்தச் சீலையைத் தனியாத் தோய்ப்பீர். "ரெண்டுபேருக்கும் வான் காசு மிச்சம்" எண்டு நான் சொல்ல, "சவுக்காரம் சும்மா வருதோ?" எண்டு கேப்பீர். மிச்சம் பிடிக்கிறவன் தனக்கு வசதியான பக்கத்தை மட்டுந்தான் பாப்பான்.

அந்தப் போத்தில் எனக்குக் கூலியா வந்தது. கொடிகாமப் பக்கத் தோட்டக்காரர் ஒருத்தற்றை தண்ணி இறைக்கிற மெசினைத் திருத்திக் குடுத்ததுக்கு, காசில்லையெண்டு அரைப் போத்தில் சுத்தப் பெற்றோல் தந்தார். நான் தங்கம் கொண்டுவந்த மாதிரிக் கொண்டுவந்தன். உம்மடை அண்ணை எங்களைக் கூப்பிடுறன் எண்டு எழுதின காலம் அது. "இது எங்கடை பயணத்துக்கு. வெளிக்கிடுற அண்டு வழியிலை நிண்டுதெண்டால் வள்ளத்தைத் தவற விட்டிடுவம்" எண்டன். உமக்கு அது காரணமில்லை. "அண்டைக்கு ஒருநாளாவது மண்ணெண்ணை மணக்காமல் போவம்" எண்டு சொல்லி, நீர்தான் சீலையளை ஒதுக்கி அலுமாரியிலை இடம் விட்டனீர்.

அந்தக் காலமையை எழுதாமல் விடலாம். ஆனால் நீர் கண்ணை மூடினாப்பிறகு நடந்த, உமக்குத் தெரியாத பாதி ஒண்டு இருக்குது.

விடிய ஏழு மணிபோலை உமக்கு வயித்துக்குத்து. நாள் தள்ளி ரெண்டு மாசமும் ஆகேல்லை, நாங்கள் இன்னும் ஒருதருக்கும் சொல்லேல்லை. முகம் வெளிறி, வேர்த்து, சுவரைப் பிடிச்சுக்கொண்டு வந்து, "இஞ்சருங்கோ, இது வேறை மாதிரிக் கிடக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவம்" எண்டனீர். நான் மோட்டச்சைக்கிளை வெளியிலை எடுத்தன். சின்னப் போத்திலிலை ஸ்ராட் பெற்றோல் முடிஞ்சுபோச்சு. அதுக்கு முதல்நாள் நான் ஒரு புது வித்தை கண்டுபிடிச்சிருந்தனான், பெயின்ற் கரைக்கிற தின்னரை மண்ணெண்ணையோடை கலந்து விடுறது. பெற்றோலே தேவையில்லை எண்டு சந்தியிலை நிண்டு வாய் கிழியக் கதைச்சும் இருந்தன். அதை விட்டு உதைச்சன். உதைச்சன். மாரிக் குளிர். எஞ்சின் இருமினதோடை சரி.

நீர் படலையடியிலை கதிரையிலை இருந்துகொண்டு சொன்னனீர்: "அலுமாரியிலை இருக்கிறதை எடுங்கோவன்."

"அது கொழும்புப் பயணத்துக்கு. இந்தா, இப்ப வந்திடும்."

"அப்ப நான் கொழும்புக்கு வெளிக்கிடுற அண்டு பாத்துத்தான் வருத்தம் வந்திருக்கவேணும்."

நான் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டு உதைச்சன். அடம். உம்மடை நோவுக்கும் எனக்கும் நடுவிலை என்ரை கெட்டித்தனம் நிண்டுது. கிக்கர் திருப்பி அடிச்சு வலதுகால் கிழிஞ்சு ரத்தம் வந்தாப்பிறகுதான் விட்டன். இருபத்தஞ்சு நிமிசம்.

பேந்து ஓடிப்போய் அடுத்த ஒழுங்கைக் கார்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தன். பாவம், அந்த மனிசன் பல்லும் தீட்டாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தவர். படலையடியிலை கார் நிக்குது, நீர் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். நான் கேட்டன்: "எவ்வளவு?"

அவர் சொன்னார்.

"என்னண்ணை பகிடியோ? ஆஸ்பத்திரி வரைக்கும் இவ்வளவோ? வரேக்கை ரவுணிலை ஆள் ஏத்திக்கொண்டுதானே வருவியள்?"

"தம்பி, பிள்ளையை முதல் ஏத்தும். காசைப் பேந்து கதைப்பம்."

"இல்லை, பேந்து எண்டால் கரைச்சல். இப்பவே கதைச்சு முடிப்பம்."

கதைச்சன். மண்ணெண்ணை என்ன விலை, உங்கடை கார் எத்தினை மைல் ஓடும், எனக்கே கணக்கோ எண்டெல்லாம் கதைச்சன். நீர், "அவர் கேட்டதைக் குடுங்கோவன்" எண்டு ரெண்டுதரம் சொன்னனீர். மனிசன் கடைசியிலை உம்மடை முகத்தைப் பாத்திட்டு, "சரி, நீர் சொன்னதைத் தாரும்" எண்டார். நான் வெண்டு போட்டன். காருக்கை ஏறினவுடனை நீர் என்ரை மடியிலை சரிஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டனீர்: "வெண்டிட்டியளோ?"

"ஓம்" எண்டன். கொஞ்சம் பெருமையாத்தான்.

"உங்களோடை ஏலாது." அதுக்குப் பிறகு நீர் ஒரு கதையும் கதைக்கேல்லை.

கரு குழாய்க்கை தங்கி வெடிச்சு, உள்ளுக்கை ரத்தம் போயிருக்குதாம். டொக்டர் கேட்டவர், எத்தினை மணிக்குக் குத்துத் தொடங்கினது, எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள் எண்டு. சொன்னன். எழுதினார். நடுவிலை இருக்கிற நேரத்தைப் பற்றி அவர் ஒண்டும் கேக்கேல்லை. ஏன் கேப்பார், கழிச்சுப் பாக்க எனக்குத் தெரியுந்தானே.

செத்தவீட்டுக்கு அந்தக் கார்க்காரர் அச்சுவேலிக்கும் இஞ்சைக்கும் ரெண்டுதரம் ஓடி உம்மடை ஆக்களைக் கொண்டுவந்து இறக்கினார். நான் காசை நீட்ட, கையை விலக்கிப் போட்டுப் போனார். அவர் என்னை அடிச்சிருக்கலாம்.

இண்டைக்கு ஒரு வேலை பாத்தன். மோட்டச்சைக்கிளிலை கிடந்த மண்ணெண்ணையை ஒட்ட வடிச்சன். பிளக்கைத் துடைச்சன். போத்திலிலை இருந்ததை முழுக்கத் தாங்கிக்கை ஊத்தினன். சொட்டு எண்ணேல்லை. உதைச்சன்.

முதல் உதையிலையே வந்திட்டுது.

கோண்டாவில், திருநெல்வேலிச் சந்தி, ஆஸ்பத்திரி வாசல். புகையில்லை. தெருவாலை ஒருத்தர் மனிசியையும் ரெண்டு பிள்ளையளையும் ஒரு சைக்கிளிலை வைச்சு மிதிச்சுக்கொண்டு போனவர், திரும்பிப் பாத்து, "டேய் தம்பி, பெற்றோல் எங்காலை? கலியாணமோ?" எண்டு கத்தினார். நான் நிக்கேல்லை. வாசலிலை மணிக்கூட்டைப் பாத்தன். பதினாலு நிமிசம். உள்ளுக்குப் போகாமல் திருப்பினன். வரேக்கை கோண்டாவிலிலை எஞ்சின் நிண்டுது, முடிஞ்சுபோச்சு. மிச்சத் தூரம் தள்ளிக்கொண்டு வந்தன். எட்டு மாசமாப் பறந்தது போக மிஞ்சினதே உம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தாராளமாக் கண்டிருக்கும்.

உம்மடை அண்ணைக்கு மறுமொழி எழுதிப் போட்டன். ரெண்டு வரிதான். "அண்ணை, நான் இப்ப வரேல்லை. அந்த ஒரு ரிக்கற் காசையும் மிச்சம் பிடியுங்கோ." சகலன் இதைப் பாத்தால் கடதாசியிலை இன்னும் எவ்வளவு இடம் கிடக்குது, வீணாக்கிப் போட்டான் எண்டு சொல்லுவார்.

உம்மடை சீலையளைக் கொடியிலை விரிச்சு விட்டிருக்கிறன். காத்துப் படட்டும். போத்தில் கழுவிக் கவிட்டாச்சு.

இனி என்னட்டை இருக்கிறது காலிலை கிடக்கிற தழும்புதான். செத்தவீட்டிலை அந்தக் காலிலை துணியைச் சுத்திக்கொண்டு நிண்ட என்னைப் பாத்திட்டு, "பாவம், மனிசியைக் காப்பாத்த எவ்வளவு உதைச்சிருக்கிறான்" எண்டு உம்மடை அக்கா ஆருக்கோ சொல்லி அழுதவ. நான் திருத்தேல்லை. இண்டைக்கும் ஆரும் கேட்டால், கிக்கர் அடிச்சது எண்டுதான் சொல்லுவன். ஏன் அத்தினைதரம் உதைச்சனான் எண்டு உமக்கு மட்டுந்தான் தெரியும்.