பஸ் ஸ்டாண்டு எதிரே என் முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அந்தக் காலோடு ஏணி ஏறி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ் கட்டினீர்களாமே! தம்பி ரமேஷ் போட்டோ அனுப்பினான். "மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் 80 மார்க் வாங்கிய டாக்டர் கீர்த்தனா!" யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்? போனில் கேட்டால், "எம்பது வாங்கிகினு இன்னாத்துக்குமா கத்துற?" என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது மார்க் இல்லை அப்பா, பெர்சென்டைல். நூறு பேரில் எண்பது பேர் எனக்குக் கீழே. எழுதியவர்களோ இரண்டு லட்சம். எனக்கு மேலே நாற்பதாயிரம் பேர். குழந்தை மருத்துவ சீட் கிடைக்காது. இன்னும் ஒரு வருஷம் இந்த நாக்பூரில்தான், தனியாக, அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டு.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லுங்கள். பிளக்ஸை ரமேஷ் அவிழ்க்கட்டும், நீங்கள் ஏறாதீர்கள். ஆட்டுக்கொட்டகைக்கு மேலே கூரையாக அவனே போட்டுவிடட்டும். என் முகம் உள்பக்கமாக இருக்கட்டும்.

ஆடுகள் மார்க் கேட்காது.

கீர்த்தனா