பூட்டிய கணினிக்குள் நாலு பெயர்

வயர்லெஸ்காரரே,

நேற்று எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உம் ஞாபகம் வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். எழுத்து எனக்கு எந்தக் காலத்திலும் வசப்படவில்லை என்பது உமக்குத் தெரியும்.

எழுபது வயதில் நீர் பேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து, ஜிகினா கலந்த நகப்பூச்சு கேட்டீர்.

"யாருக்குத் தாத்தா, பாட்டிக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கம்ப்யூட்டருக்கும்மா. அதுக்கும் நகம் வளந்துட்டு."

வெளியே நின்ற எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆனால் அந்தக் குப்பியை வாங்க வைத்தது சேசுவின் சாவு.

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணி கரை மறையுமுன் முழுகியது. சமையலுக்குப் போன சேசு திரும்பவில்லை. குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். சேசு வாயில் ஒரு சொட்டுப் பட்டு நான் பார்த்ததில்லை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதை இரண்டு பேர் உம்மிடம் வந்து சொன்னார்கள். நீர் அதை வழக்குக்கென்று தட்டச்சு செய்து வைத்தீர். பிறகு அந்தப் பழைய மடிக்கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தீர். அது திரும்பி வருமுன் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று; பயந்துபோய், சொன்னதையே இல்லையென்று விட்டார்கள்.

"திறந்த வீட்ல அவங்க பேர வச்சிட்டேன்வே தண்டல்" என்றீர். நான் தோணி ஓட்டிய காலத்துத் தண்டல் பட்டத்தைக் கடைசிவரை நீர் விடவில்லை, கப்பலில் வயர்லெஸ் பார்த்த உம் பட்டத்தை நான் விடாததுபோல. அன்று உம் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று மெலிசாக ஒன்றை நீட்டினார்.

"இத எடுங்க அண்ணாச்சி, லேட்டஸ்ட் மாடல்."

"ராம் பலகையோட ஒட்டியிருக்கு. வேண்டாம். பின்பக்கம் கழட்டுத மாதிரி, தடியா இருக்கதக் காட்டும்."

"எல்லாரும் மெலிசு கேப்பாங்க, நீங்க தடிச்சதக் கேக்குதீங்களே!"

நீர் ஒவ்வொன்றையும் இயக்கி, கறுப்புத் திரையில் இரண்டு வரியைத் தேடினீர். இரண்டாவது வரி இல்லையென்று மூன்றைத் தள்ளிவிட்டீர். நான் ஏனென்று கேட்டேன். இதில் போடப்போகும் புது சிஸ்டம் கணினியை அறை அறையாகத் தடுக்கும், ஓர் அறையில் தண்ணீர் ஏறினாலும் அடுத்த அறைக்குப் போகாது, அந்த வரி இருந்தால்தான் தடுப்பு கெட்டியாக நிற்கும் என்றீர்.

"எங்க தோணியில தடுப்பே கிடையாதேவே. ஏறினா மொத்தமும்தான்" என்றேன்.

நாலாவதை வாங்கினீர்.

உம் மேசையில் அதைக் கழற்றி, கேமராவையும் மைக்கையும் பிடுங்கினீர். வைஃபை அட்டையை எடுத்துவிட்டு, காலி இடங்களிலெல்லாம் ராம் செருகினீர். சிஸ்டத்தை இறக்கியபின்னும் அதை நம்பவில்லை. போலியில்லை என்று சரிபார்க்க, செய்தவர்களின் கையெழுத்துச் சாவி என்று நாற்பது எழுத்தும் எண்ணும் வாசித்தீர். பிறகு என் மகள் போனில், வேறொரு தளத்திலிருந்து, அதையே வாசித்தீர். நடுவில் வேண்டுமென்றே ஒன்றை மாற்றினீர்.

"ஒன்பதுன்னு சொல்லுதீரு, முன்னால ஏழுல்லா?"

"சரியான ஆளுவே நீரு!" என்று என் முதுகில் ஒன்று போட்டீர்.

கடைசியாகத் திருகாணிகளின் தலையில் நகப்பூச்சு. எவனாவது திறந்தால் ஜிகினா கலையும், திரும்பப் பூசினாலும் அதே மாதிரி விழாது என்றீர். எனக்கு விளக்கவே வேண்டாம். தோணித் தார்ப்பாயில் நான் போட்ட முடிச்சை எவனாவது அவிழ்த்துக் கட்டினால், கயிற்றின் முறுக்கே எனக்குச் சொல்லிவிடும். நீர் போட்டோ எடுக்கப் போனீர். "எதுக்குவே? நான் பாத்துட்டேன்லா" என்று தடுத்துவிட்டேன். அது என் திமிர். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

பிறகுதான் வேறு நாலு பேர் சாட்சி சொல்லத் துணிந்து வந்தோம். பாரம் ஏற்றும்போது துறைமுகப் பாலத்தில் நின்று பார்த்த நான் நாலாவது. என் மருமகன் அதே முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான். "உம்ம பேரு உள்ளேயே கிடக்கட்டும் தண்டல்" என்றீர். திறக்கும் ஆறு சொல்லை என் காதில் மட்டும் சொன்னீர். அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்.

இன்று காலை, சேசு வழக்கை நடத்தும் வக்கீலம்மா உம் வீட்டில் கணினியை மேசையில் வைத்தார். நாளை விசாரணை. நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். கீல் ஓரத்துத் திருகாணியில் இரண்டு சிவப்புப் பொட்டும் சாய்ந்த ஒரு வெள்ளியும் இருக்கவேண்டும். இப்போது வெள்ளி நடுவில் இருக்கிறது.

"திறந்திருக்கான்" என்றேன். உம் அடக்கத்தன்று வீடு நிறைய ஆள். யார் எந்த அறைக்குப் போனார்கள் என்று உம் வீட்டு மைனிக்கு எப்படித் தெரியும்?

உம் தம்பி கேலியாகச் சிரித்தார். "கைநாட்டு வைக்கவரு ஜிகினாவ வாசிக்காராம்!"

"வாசிக்கத் தெரிஞ்ச நீரு வாசியுமேன்" என்றேன்.

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். "அண்ணாச்சி, பாஸ்வேர்ட் சொல்லாட்டா நாளைக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல."

"உள்ள எதையாவது வச்சிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்ட இதுல அடிச்சா, திறந்தவன் கைக்குப் போயிரும். மத்த மூணு பேரும் தெருவுல நிப்பாங்கம்மா."

டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல கணினியில் போட்டுப் பார்க்கலாம்தான். அதற்கு உம்மைப்போல் ஆள் வேண்டும், நாள் வேண்டும். கைவசம் இரண்டும் இல்லை. சாட்சியே இல்லாவிட்டால் சேசு குடித்துவிட்டுச் செத்தவனாகவே ஆகிவிடுவான்.

"என் பேர எழுதிக்கோங்க" என்றேன்.

இந்த இடத்தில் மகள் பேனாவை நிறுத்திவிட்டாள். "அவருக்கு வேல போயிருமேப்பா" என்றாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "ம், சொல்லுங்க. எழுதுதேன்" என்றாள்.

வேறொன்றுமில்லை, வயர்லெஸ்காரரே. உம் ஆறு சொல்லும், அந்த மூன்று பெயரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கு நான் நின்று, என் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, தோணி எதுவரைக்கும் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது என்று கை வைத்துக் காட்டுவேன். கூட யார் பார்த்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

வயசாயிட்டு ஐயா, மறந்துபோச்சு என்பேன்.