அறுபத்தொரு புட்டி பீன்ஸ்

அன்பு மகள் சவானாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே லிக் ஃபோர்க்கில் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பட்டாளப் பயிற்சியில் உங்கள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் ஒரு விதத்தில் நல்லதுதான், இல்லாவிட்டால் நீயாவது எனக்கு இரண்டு பக்கம் எழுதுவதாவது. சாப்பிட ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள், மெல்லாமல் விழுங்குகிறோம் என்று எழுதியிருந்தாய். முட்டை, கோழி, பச்சைக் காய், பழம் என்று தட்டில் விழுவதையெல்லாம் எழுதியிருந்தாயே, அந்தப் பகுதியை மட்டும் உன் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன். நீ நன்றாகச் சாப்பிடு, அதற்காக மனம் கஷ்டப்படாதே.

கோல்ட்டனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆகஸ்டில் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பத்து வயசுப் பையனுக்குச் சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, இப்பவே தடுக்கலேன்னா உள்ள வந்து உக்காந்துக்கும்" என்று சொன்னாள். ஒரு தட்டுப் படம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, பாதித் தட்டு காய்கறி இருக்கணும் என்றாள். இருக்கணும்தான். நம் ஊர் மளிகைக் கடையை நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய மாதமே மூடிவிட்டார்கள். மலிவுச் சாமான் கடையில் சிப்ஸும் நூடுல்ஸும் சோடாவும்தான் இருக்கின்றன, காய் என்று பார்த்தால் டப்பா சோளம். அரசாங்கம் சாப்பாட்டு அட்டையில் போடும் பணம் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடுகிறது, மலையைத் தாண்டி நாற்பது மைல் போய் கீரை வாங்கலாம் என்றால் காரின் டயரில் நூல் தெரிகிறது. இதையெல்லாம் நர்ஸிடம் சொல்லவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் எனக்கு அப்போது தைரியம் இருந்தது, ஏனென்றால் தோட்டத்தில் பீன்ஸ் அப்படிக் காய்த்துக் கிடந்தது. முதியோர் இல்லத்தில் துணி துவைத்துவிட்டு வந்ததும் நேராகப் பறிக்கப் போய்விடுவேன். கோல்ட்டனும் ஜோசியும் உட்கார்ந்து நார் உரித்து ஒடித்துப் போட்டார்கள். "இதெல்லாம் உனக்குத்தான்டா, பனிக்காலம் முழுக்க ராத்திரி உன் தட்டுல பாதி இதுதான்" என்று சொன்னேன். அவனும் முகம் சுளிக்கவில்லை. புட்டியில் அடைக்கிற பெரிய பிரஷர் குக்கரின் கேஸ்கெட் போன வருடமே வெடித்துப் போனது உனக்குத் தெரியும். புதிது வரவழைக்கலாம் என்று இருந்தேன், அந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, இரண்டு பேருக்கும் ஷூ இல்லை. சரி, இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்று துணி துவைக்கிற தகரத் தொட்டியை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி, புட்டிகளை அடுக்கி, மூன்று மணி நேரம் கொதிக்க விட்டேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் டக் டக்கென்று உள்ளே அமுங்கும் சத்தம் கேட்டு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அறுபத்தொரு புட்டி, சவானா. அலமாரியில் அடுக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சர்ச் விருந்துக்கு இரண்டு புட்டி எடுத்துக்கொண்டு போய்த் தம்பட்டம் அடித்தேன். விவசாய அலுவலகத்தில் வேலை பார்க்கும் வில்மா காம்ப்ஸ் அங்கே இருந்தாள். "எத்தனை பவுண்டு பிரஷர்ல வச்சே லியான்?" என்று கேட்டாள். தொட்டியில் கொதிக்க வைத்தேன் என்றதும் அவள் முகமே மாறிவிட்டது, என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா தாயே, அதைக் குழந்தைங்ககிட்ட காட்டாத. பீன்ஸ்ல வர்ற விஷக் கிருமி வெறும் கொதியில சாகாது. வாசனையும் வராது, ருசியும் மாறாது, கை கால் விழுந்துபோய் மூச்சு நின்னுடும். ஒரு புட்டி நல்லா இருந்தா அடுத்ததும் நல்லா இருக்கும்னு நினைக்காத. மொத்தத்தையும் ப்ளீச் ஊத்திப் புதைச்சுடு" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நல்லதற்குத்தான் சொன்னாள். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இரண்டு புட்டியையும் திறக்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் புதைக்கக் கை வரவில்லை. நீ திட்டுவாய், திட்டு. குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் நானே ஒரு புட்டியைத் திறந்து சாப்பிட்டேன். மறுநாள் எழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று சாப்பிட்டேன். அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை, இரண்டு புட்டி நன்றாக இருப்பதால் மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்கும் புரிகிறது. புத்திக்குப் புரிந்தது, மனதுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர்கள் கூட்டம் என்று பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதை நான் மறந்தே போனேன். கோல்ட்டன் பின்கதவு வழியாக உள்ளே வந்தான், நான் புட்டியும் முள்கரண்டியுமாக நின்றுகொண்டிருக்கிறேன். "ஐ, பீன்ஸா, எனக்கும் குடும்மா" என்று சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டான். ஓங்கி அறைந்துவிட்டேன், கையில்தான், ஆனால் புட்டி கீழே விழுந்து உடைந்துவிட்டது. அவன் அழவில்லை. "எனக்குன்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னான்.

என்ன சொல்வேன் அவனிடம்? விஷம் இருக்கலாம், அதனால் நான் முதலில் சாப்பிட்டுப் பார்த்தேன் என்றா? அவன் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுநாள் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோகக் கவுண்டி ஆபீஸ் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். பக்கத்து வீட்டு டானாவின் பிள்ளைகளை இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கொண்டுபோனார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நாள் அவர்கள் பஸ் ஏறியதும் மீதி அத்தனையையும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினேன். சாயங்காலம் ஜோசி காலி அலமாரியைப் பார்த்துவிட்டுப் பீன்ஸ் எங்கே என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். கோல்ட்டன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு அவர்கள் அறையிலிருந்து, "எல்லாத்தையும் தனியாவே தின்னுட்டா. நீ போய்க் கேக்காத, அடிப்பா" என்று அவளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. இந்த வாரம் முழுக்க ராத்திரி நூடுல்ஸ்தான். அவன் எடை கூடிக்கொண்டே போகிறது, டிசம்பரில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எனக்கு வழி எதுவும் தெரியவில்லை, தெரிவதாக உன்னிடம் நடிக்கவும் முடியவில்லை.

நேற்று ஜோசியின் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் ஒரு ஆப்பிள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கோல்ட்டனுக்குக் கொடுப்பது, ஜோசி தன்னுடையதை அங்கேயே தின்றுவிடுவாள். தான் சாப்பிடாமல் கொண்டுவந்து, என் கையில் சிக்காதபடி அவளுக்காக ஒளித்து வைத்திருக்கிறான். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, விரிப்பை மாற்றாமல் வந்துவிட்டேன்.

ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு வயிறு நிறைந்து இருக்க வேண்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. ஒன்றே ஒன்று, மறக்காதே: கோல்ட்டனுக்கு எழுதும்போது பீன்ஸ் விஷயத்தைப் பற்றி மூச்சு விடாதே, லீவில் வரும்போதும் எனக்காகப் பேசாதே. அவன் அப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டும். என்னை நம்பாமல் இருக்கிறவரைக்கும் தங்கைக்கு அவன் ஏதாவது எடுத்து வைப்பான்.

உன் அம்மா,
லியான்