நீ பார்க்காத மூன்றாவது வெள்ளாமை

என் சாமி, தம்பிக்கு,

உன் காட்டுக்கு நேற்று களைக்கொல்லி அடித்துவிட்டோம். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சிக்கு என்று மல்லசமுத்திரத்தில் எங்கள் மரவள்ளிக் காட்டை நீ கேட்டபோது உன் மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு பாதியில் அவர் வழக்கம்போல உரமும் மருந்தும் போட்டார். மறு பாதி உன்னுடையது. சாணி எரு, ஊடே தட்டைப்பயறு, மருந்தே கிடையாது. முதல் வருடம் உன் பக்கத்துக் கிழங்கு விரல் தடிமன்தான் இருந்தது. "மண்ணு தெம்பாக மூணு வருசம் ஆகும்க்கா. பொறுத்துக்க" என்றாய். அடுத்த வருடம் பரவாயில்லை. அந்த அறுவடை முடிந்த கையோடுதான் பைக்கில் போன உன்னை லாரி அடித்துக் கொன்றுவிட்டது.

மூன்றாம் வருடம் உன் பாதியை நானே பார்த்துக்கொண்டேன். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் தறிக்கும் மில்லுக்கும் போய்விடுகிறார்கள். விடிந்ததும் குனிந்தால் வெயில் ஏறும்வரை நான் ஒருத்திதான். கிழங்கைப் பிடுங்கி எடை போட்டபோது உன் பாதி அவர் பாதிக்குச் சமமாக நின்றது, தம்பி. மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை நான் யாரிடம் காட்டுவது?

உன்னோடு வேலை பார்த்த பெண்ணுக்குப் போன் செய்தேன். வந்தாள். மண்ணை அள்ளிப் பார்த்துக் கண் கலங்கினாள். "நல்லா வந்திருக்குதுங்க அக்கா. ஆனா இதே மாதிரி செஞ்ச மத்த ஊர்க்காரங்க பாதியிலயே விட்டுட்டாங்க. ஒரு காட்டை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. திட்டத்தையும் முடிச்சுட்டாங்க."

இந்த வருடம் என்னால் குனிய முடியவில்லை. முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. உன் மச்சான் கோபப்படவில்லை. "மாப்ள சொன்னது நெசந்தான், நானே பார்த்தனே. ஆளுக்கு எங்க போறது? உன்னைய ஊட்ல படுக்க வெச்சுட்டு இந்த மண்ணை வெச்சு என்ன பண்ண?" என்றார். உனக்கு இதற்குப் பதில் வந்திருக்குமா? யார் குனிவது என்று உங்கள் ஆராய்ச்சியில் யாராவது கேட்டார்களா?

அவர் மருந்தடித்தார். டேங்குக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது நான்தான். இன்று களையோடு தட்டைப்பயறும் வாடிக் கிடக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "உங்க தம்பி வெவசாயம் தோத்துப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

அந்த மண் மறுபடி தேறும் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒன்று மட்டும் செய்வேன். யார் கேட்டாலும், கிழங்கு விளைந்தது, களையெடுக்கத்தான் ஆளில்லை என்று சொல்வேன். வரப்பில் நின்று கேட்டவரிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா